75 சதவீதம் ஓட்டு வாங்கியும் கைக்கு வராத பணம்: ஃப்ளோரிடா திருத்தம் 1, ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டேட் லெவல்ல காடு, தண்ணி, வனவிலங்குன்னு பணம் கேட்டு அலையுற யாரைக் கேட்டாலும் ஒரே ஆசைதான் சொல்வாங்க, வருஷா வருஷம் பட்ஜெட் நேரத்துல போய் கெஞ்சுற பொழைப்பு வேண்டாம், ஒரே அடியா சட்டத்துல எழுதி வாங்கிடணும்னு. அமெரிக்காவுல ஃப்ளோரிடாக்காரங்க அதை நிஜமாவே பண்ணிக் காட்டினாங்க. சாதாரண சட்டத்துல கூட இல்ல, மாநில அரசியல் சாசனத்துலயே எழுதி வாங்கினாங்க. 2014 நவம்பர் தேர்தல்ல "திருத்தம் 1"ன்னு ஓட்டுச் சீட்டுல வந்து, 42 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து, கிட்டத்தட்ட 75 சதவீதத்துல ஜெயிச்சுது. அதே நாள் அதே சீட்டுல கவர்னரா ஜெயிச்ச ரிக் ஸ்காட் வாங்கினது சுமார் 28.6 லட்சம் ஓட்டுதான், அதாவது நிலம் வாங்குற ஒரு திட்டம் கவர்னரை விட 13 லட்சம் ஓட்டுக்கு மேல அதிகமா வாங்குச்சு. அடுத்த வருஷமே பட்ஜெட் வந்தப்ப, நிலம் வாங்குறதுக்குன்னே இருக்கிற மாநிலத்தோட முக்கியத் திட்டத்துக்கு ஒதுக்கினது 2 கோடி டாலர்கூட தேறலை. கேட்டது 30 கோடி.

இது எப்படி நடந்துச்சு, எங்க ஓட்டை, அதுக்கப்புறம் அங்க இருக்கிற அமைப்புகள் எதை முதல்ல கேக்கணும்னு எப்படி மாத்திக்கிட்டாங்கங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பட்ஜெட் விஷயம்னா அப்படித்தான், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

பணம் எங்கேர்ந்து வருது

ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரி கிடையாது. நம்ம ஊர் பத்திரப்பதிவுல ஸ்டாம்ப் டூட்டி கட்டுற மாதிரியே அங்கயும் ஒரு முத்திரை வரி இருக்கு, கிரயப் பத்திரத்துல ஒவ்வொரு 100 டாலருக்கும் 70 சென்ட், கடன் பத்திரத்துல 100 டாலருக்கு 35 சென்ட் (மயாமி-டேட் கவுன்டில மட்டும் கணக்கு கொஞ்சம் வேற). 3 லட்சம் டாலருக்கு ஒரு வீடு கைமாறுது, வாங்குறவர் அதுல 2,40,000 பேங்க் லோன் போடுறார்னு வைங்க. கிரயத்துக்கு 2,100, லோனுக்கு 840, மொத்தம் 2,940 டாலர் மாநிலத்துக்குப் போகும். திருத்தம் 1 சொன்னது, இந்த வரியோட நிகர வருமானத்துல 33 சதவீதத்தை 20 வருஷத்துக்கு "நிலம் கையகப்படுத்தும் அறக்கட்டளை நிதி"ல போடணும்னு. அப்ப அந்த ஒரு வீட்டுலேர்ந்தே சுமார் 970 டாலர் காடு, சதுப்பு நிலம், ஊற்று, கடற்கரைன்னு போயிருக்கணும்.

இதுல ஒரு நியாயமும் இருக்கு. வீடு கட்டி விக்கிறதாலதான் காடு அழியுது, அந்த வியாபாரத்துலயே ஒரு பங்கை எடுத்து மிச்சக் காட்டை வாங்கிப் போடுறாங்க. ஆனா அதே காரணத்தால ரியல் எஸ்டேட் படுத்தா வரியும் சேர்ந்து படுத்துடும், 2005-06ல சுமார் 400 கோடி டாலர் கொட்டின இந்த வரி 2009-10ல 110 கோடி பக்கத்துல வந்து நின்னுச்சு. நிலம் மலிவா கிடைக்கிற நேரத்துல பார்த்து கையில காசு இருக்காது. இதுக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் உருப்படியா வழி சொன்ன மாதிரி தெரியலை.

திருத்தம் 1 ஒன்னும் ஆகாயத்துலேர்ந்து குதிக்கலை. 1990ல பாப் மார்ட்டினெஸ் கவர்னரா இருந்தப்ப "பிரிசர்வேஷன் 2000"னு ஒரு திட்டம், வருஷம் 30 கோடி டாலர், 10 வருஷம், அதுல 17 லட்சம் ஏக்கருக்கு மேல வாங்கினாங்க. அது முடிஞ்சதும் ஜெப் புஷ் காலத்துல "ஃப்ளோரிடா ஃபாரெவர்"னு பேரை மாத்தி அதே 30 கோடியைத் தொடர்ந்தாங்க. மார்ட்டினெஸ், புஷ் ரெண்டு பேருமே குடியரசுக் கட்சிங்கிறதை குறிச்சு வச்சுக்குங்க, அங்க இது ரொம்ப நாளா கட்சி சண்டையா இல்லாம இருந்த விஷயம். 2006ல பேப்காக் ரான்ச்ங்கிற பெரிய பண்ணையில 73,000 ஏக்கருக்கு மேல சுமார் 35 கோடி டாலருக்கு வாங்கினாங்க, அவ்வளவு பெரிய டீல் எல்லாம் சாதாரணமா நடந்த காலம். அப்புறம் 2008 வீட்டுக்கடன் சரிவு வந்துச்சு, 2009ல ஃப்ளோரிடா ஃபாரெவருக்கு பூஜ்யம். சரி, காசு இல்லாத வருஷம்னு எல்லாரும் பொறுத்துக்கிட்டாங்க. பொருளாதாரம் திரும்ப எழுந்து வரி வசூல் ஏறின பிறகும் அந்த 30 கோடி திரும்பி வரலைங்கிறப்பதான் கடுப்பானாங்க.

கையெழுத்து வேட்டை

2012ல டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட், ஆடுபான் ஃப்ளோரிடா, ஃப்ளோரிடா வைல்ட்லைஃப் ஃபெடரேஷன், சியரா கிளப் எல்லாம் சேர்ந்து ஒரு கமிட்டி ஆரம்பிச்சாங்க. தேவைப்பட்டது 6,83,149 செல்லுபடியாகிற கையெழுத்து. தன்னார்வலர்களும் அலைஞ்சாங்க, காசு குடுத்து ஆள் வச்சும் வாங்கினாங்க, 2014 ஜனவரில கணக்கு தேறிடுச்சு. ஓட்டுல ஜெயிக்க பாதிக்கு மேல வாங்கினா பத்தாது, 60 சதவீதம் வேணும். இது எவ்வளவு கஷ்டம்னா, அதே தேர்தல்ல மருத்துவ கஞ்சாவுக்கான திருத்தம் 57.6 சதவீதம் வாங்கியும் தோத்துப் போச்சு.

எதிர்ப்பும் இருந்துச்சு, மாநில வர்த்தக சபை, விவசாயிகள் அமைப்பான ஃபார்ம் பீரோ எல்லாம் "பட்ஜெட்டை சாசனத்துல எழுதுறது தப்பான பழக்கம், நாளைக்கு பள்ளிக்கூடம், ரோடுன்னு ஆளாளுக்கு ஒரு பங்கு கேட்டு வருவாங்க"ன்னாங்க. உண்மையைச் சொன்னா அந்த வாதத்துல விஷயம் இல்லாம இல்லை. ஆனா மக்கள் கிட்ட எடுபடலை, ஏன்னா பிரச்சாரத்துல ஒரு பிரம்மாஸ்திரம் இருந்துச்சு: புது வரி ஒரு பைசா கிடையாது, ஏற்கனவே கட்டுற வரியிலேர்ந்துதான்னு. ஓட்டுச் சீட்டுலயே இதனால மாநில வருமானம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது, முதல் வருஷம் சுமார் 64.8 கோடி டாலர், 20வது வருஷம் 126.8 கோடி டாலர் இதுக்குன்னு ஒதுங்கும்னு அச்சடிச்சிருந்தாங்க. வலது, இடது எல்லாரும் குத்திட்டாங்க.

என் கணக்குல, ஜெயிக்க வச்ச அதே அம்சம்தான் பின்னாடி காலை வாரினதும். ஏற்கனவே வர்ற வரின்னா அந்தப் பணத்தை ஏற்கனவே யாரோ ஒருத்தர் செலவு பண்ணிக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். அவர் சும்மா விடுவாரா?

2015: பட்ஜெட் கமிட்டி ரூம்ல என்ன ஆச்சு

2015 வசந்தத்துல சட்டசபை கூடுச்சு. திருத்தம் 1 கணக்குல 70 கோடி டாலருக்கு மேல இருந்துச்சு. அந்த வருஷம் கூட்டத்தொடரே கலாட்டா, மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்குறதுல சண்டை வந்து கீழ்சபை 3 நாள் முன்னாடியே மூட்டை கட்டிக்கிட்டு கிளம்பிடுச்சு, ஜூன்ல சிறப்புக் கூட்டம் போட்டுதான் பட்ஜெட்டையே முடிச்சாங்க. அந்த அவசரத்துல நிலம் வாங்குற பேச்சு எல்லாம் பின்னாடி போயிடுச்சு.

பண்ணின வேலை ரொம்ப சிம்பிள். சுற்றுச்சூழல் துறை, வனத்துறை, வனவிலங்கு ஆணையம் இவங்களோட சம்பளம், இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவு இதெல்லாம் அதுவரைக்கும் பொது நிதியிலயும் வேற வேற சின்ன நிதிகள்லயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒரு பெரிய பகுதியை அப்படியே தூக்கி புது நிதில உக்கார வச்சாங்க. அப்ப பழைய இடத்துல காசு மிச்சமாச்சு இல்லையா, அது வேற செலவுக்குப் போச்சு. அதே வருஷம் 40 கோடி டாலருக்கு மேல வரி குறைப்பும் குடுத்தாங்க, போன் பில், கேபிள் டிவி பில்லுல எல்லாம் குறைஞ்சுது. மேல் டேங்குக்கு புது மோட்டார் போட்டுட்டு பழைய மோட்டாரை கழட்டிக்கிட்டுப் போயிட்டா தண்ணி ஏறுற அளவு மாறுமா? அதேதான். சாசனத்துல இந்தப் பணத்தை பொது நிதியோட கலக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு, கலக்கவும் இல்லை. பக்கத்து டேங்கை காலி பண்ணக் கூடாதுன்னு மட்டும் எழுதலை.

அப்புறம், எழுதின வாசகமே விரிவா இருந்துச்சு. நிலம் வாங்குறது மட்டும் இல்ல, மேம்படுத்துறது, பராமரிக்கிறது, இயற்கையை மீட்டெடுக்கிறது, பொதுமக்கள் போய் வர வசதி பண்றது எல்லாம் அதுல உண்டு. அந்த வாசகம் நியாயமானதுதான், வாங்கிப் போட்ட நிலத்துல அன்னியச் செடி மண்டிடாம பார்க்கணும், கட்டுப்பாடா தீ வச்சு சருகைக் கழிக்கணும், அதுக்கு ஆளும் வண்டியும் வேணும். ஆனா "பராமரிப்பு"ன்னு ஒரு கதவு திறந்திருந்தா துறையோட மொத்த சம்பளப் பட்டியலும் அது வழியா உள்ள வந்துடும்னு எழுதினவங்க அப்ப நினைச்சிருக்க மாட்டாங்க.

இதோட சேர்த்து இன்னொரு அடியும் விழுந்துச்சு. 2008ல கவர்னர் சார்லி கிறிஸ்ட், யு.எஸ். சுகர் கம்பெனியோட 1,87,000 ஏக்கரை 175 கோடி டாலருக்கு வாங்கி எவர்கிளேட்ஸ்ங்கிற தெக்கு ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துக்கு தண்ணி திருப்பப் போறோம்னு அறிவிச்சார். பொருளாதாரம் படுத்ததால அது சுருங்கி சுருங்கி 2010ல 26,800 ஏக்கர், 19.7 கோடி டாலர்னு முடிஞ்சுது, மிச்சத்துல 46,800 ஏக்கரை 2015 அக்டோபருக்குள்ள வாங்கிக்கலாம்னு ஒரு உரிமையை மட்டும் கையில வச்சிருந்தாங்க. திருத்தம் 1 பாஸ் ஆனதும் எல்லாரும் எதிர்பார்த்தது இந்தப் பணத்துல அந்த நிலத்தை வாங்கிடுவாங்கன்னு. 2015 மே மாசம் தென் ஃப்ளோரிடா நீர் மேலாண்மை வாரியம் வேண்டாம்னு ஓட்டுப் போட்டு முடிச்சு வச்சுது, உரிமை காலாவதி ஆச்சு.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா தெரியாது. இந்தியாவுல 2010ல நிலக்கரி டன்னுக்கு 50 ரூபா செஸ் போட்டு தூய எரிசக்தி நிதின்னு ஆரம்பிச்சாங்க, அது 400 ரூபா வரைக்கும் ஏறுச்சு, 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப மாநிலங்களுக்கு இழப்பீடு குடுக்கிற கணக்குல போய் சேர்ந்துடுச்சு. தனியா எடுத்து வைக்கிறோம்னு சொல்ற எந்தப் பணத்துக்கும் வாசல்ல ஒருத்தர் நின்னுக்கிட்டே இருக்கணும் போல.

கோர்ட்டுல 7 வருஷம்

2015லயே ரெண்டு கேஸ். ஒன்னு ஃப்ளோரிடா வைல்ட்லைஃப் ஃபெடரேஷனும் வேற சில அமைப்புகளும் போட்டது, எர்த்ஜஸ்டிஸ் வக்கீல்கள் வாதாடினாங்க. இன்னொன்னு 1969லேர்ந்து இருக்கிற ஃப்ளோரிடா டிஃபென்டர்ஸ் ஆஃப் தி என்விரான்மென்ட் போட்டது. 2018 ஜூன்ல லியோன் கவுன்டி ஜட்ஜ் சார்ல்ஸ் டாட்சன் சட்டசபை பண்ணினது தப்புன்னு தீர்ப்பு சொன்னார். எல்லாரும் ஸ்வீட் எடுத்தாங்க.

ஆனா அந்தத் தீர்ப்புல ஒரு சிக்கல் இருந்துச்சு. திருத்தம் அமலுக்கு வந்த பிறகு வாங்குற நிலத்துக்கும் அந்த நிலத்தோட பராமரிப்புக்கும் மட்டும்தான் இந்தப் பணம்னு ஜட்ஜ் படிச்சுட்டார். அப்ப ஏற்கனவே இருக்கிற ஸ்டேட் பார்க், எவர்கிளேட்ஸ் வேலை இதுக்கெல்லாம் என்ன பண்றது? ரொம்ப இறுக்கிப் பிடிச்சதால மேல்முறையீட்டுல உடைக்கிறது ஈஸியாப் போச்சு. 2019 செப்டம்பர்ல மேல்முறையீட்டு கோர்ட், வாசகத்துல அப்படி ஒரு கட்டுப்பாடே இல்லையேன்னு ரத்து பண்ணிடுச்சு. கேஸ் திரும்ப கீழ வந்து, 2022 ஜனவரில வேற ஒரு ஜட்ஜ், 2015 பட்ஜெட் பணம் எல்லாம் என்னைக்கோ செலவாகி முடிஞ்சு போச்சு, இனிமே இதுல தீர்ப்பு சொல்லி பிரயோஜனம் இல்லைன்னு தள்ளுபடி பண்ணார். பட்ஜெட்டுக்கு ஆயுசு ஒரு வருஷம், கேஸுக்கு ஆயுசு 7 வருஷம். பட்ஜெட் ஒதுக்கீட்டை கோர்ட்டுல போய் மீட்கலாம்னு நினைக்கிற எந்த ஊர் அமைப்பும் இந்த ஒரு கணக்கை முதல்ல போட்டுப் பார்க்கணும்.

அப்ப எதுதான் வேலை செஞ்சுது

கோர்ட்டுல கேஸ் ஓடும்போதே வேற சில பேர் வேற ரூட்டுல போனாங்க. பெரிய நிதி ஒன்னு பொதுவா இருந்தா யார் வேணா கை வைப்பாங்க, அதுக்குள்ளயே பேர் போட்டு பொட்டலம் கட்டிட்டா தொடுறது கஷ்டம். 2016ல "லெகசி ஃப்ளோரிடா" சட்டம் வந்துச்சு, அந்த நிதியிலேர்ந்து வருஷம் 25 சதவீதம் அல்லது 20 கோடி டாலர் இதுல எது கம்மியோ அது எவர்கிளேட்ஸுக்கு, 7.6 சதவீதம் அல்லது 5 கோடி இதுல எது கம்மியோ அது நன்னீர் ஊற்றுகளுக்கு, 50 லட்சம் அப்போப்கா ஏரிக்கு. இதை சட்டசபையே மனசு வந்து போட்டுக்கிச்சு. ஏன்? செனட்ல அடுத்த தலைவரா வரப்போற ஜோ நெக்ரான் ஸ்டூவர்ட் ஊர்க்காரர், ஓக்கிசோபி ஏரியிலேர்ந்து திறந்து விடுற அழுக்குத் தண்ணி அவர் ஊர் ஆத்துலதான் வந்து விழும். அதே 2016 கோடையில பச்சைப் பாசி கெட்டியா மிதந்து, நாத்தம் தாங்காம, அவசரநிலை அறிவிக்கிற அளவுக்குப் போச்சு, அடுத்த வருஷம் ஏரிக்குத் தெக்க நீர்த்தேக்கம் கட்ட இதே நிதியிலேர்ந்து வருஷம் 6.4 கோடி டாலர்னு இன்னொரு சட்டமும் வந்துடுச்சு. தொகுதில நாத்தம் அடிச்சா பட்ஜெட்ல கோடு விழும், எந்த நாட்டுலயும் இதுதான் நிலைமை.

இதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு, அதை அந்த அமைப்புகள் மேடைல அதிகம் பேசிப் பார்த்ததில்லை. எல்லாப் பொட்டலமும் ஒரே மூட்டையிலேர்ந்துதானே? பழைய பாண்டுகளுக்கான கடன் தவணை போச்சு, எவர்கிளேட்ஸ் போச்சு, ஊற்று போச்சு, சம்பளம் போச்சு, மிச்சம் இருக்கிறதுதான் நிலம் வாங்க. 2017-18ல ஃப்ளோரிடா ஃபாரெவருக்கு மறுபடி பூஜ்யம். மக்கள் 75 சதவீதம் ஓட்டுப் போட்டு மூணு வருஷம் ஆகலை. எவர்கிளேட்ஸ் ஆளுங்களும் நிலம் வாங்கச் சொல்ற ஆளுங்களும் வெளிய ஒரே கூட்டணி, கமிட்டி ரூமுக்குள்ள ஒருத்தர் தட்டுலேர்ந்து ஒருத்தர் எடுத்துக்கிற நிலைமை.

அடுத்த திருப்பம் ஒரு சிறுத்தையால வந்துச்சுன்னு சொன்னா மிகையில்லை. ஃப்ளோரிடா பேந்தர், பூமா இனம், பெருசா வளர்ந்தது மொத்தம் 120லேர்ந்து 230 வரைக்கும்தான் இருக்கும்னு கணக்கு, எல்லாம் தெக்கு மூலைல அடைஞ்சு கிடக்கு. வடக்க போகணும்னா கலூசஹாட்சி ஆத்தைத் தாண்டணும், ஆழப்படுத்தி வாய்க்கால் மாதிரி நேரா வெட்டி வச்ச ஆறு. ஆண் சிறுத்தைங்க நீந்திப் போயிடும், போய் அங்க ஜோடி இல்லாம சுத்தும். 1973க்கு அப்புறம் ஆத்துக்கு வடக்க ஒரு பெட்டை கூட பதிவாகலை. 2016 கடைசில கேமரால ஒரு பெட்டை சிக்குச்சு, 2017ல குட்டியோட. அது நடந்து போன வழி முழுக்க மாட்டுப் பண்ணைகள். அரசாங்கக் காடும் தனியார் பண்ணையும் மாறி மாறி ஒட்டிக்கிட்டு இருக்கிறதாலதான் அந்த வழியே இன்னும் உயிரோட இருக்கு.

இந்த வழியை வரைபடமா போட்டு ஊருக்குக் காட்டணும்னு போட்டோகிராபர் கார்ல்டன் வார்டு ஜூனியரும் கூட்டாளிகளும் 2012லயே எவர்கிளேட்ஸ்லேர்ந்து ஜார்ஜியா எல்லைல இருக்கிற ஓக்கிஃபெனோகி சதுப்பு நிலம் வரைக்கும் 100 நாள்ல 1,000 மைல் நடந்தும் துடுப்புப் போட்டும் போனாங்க. அப்ப அது ஏதோ சாகசப் பயணம் மாதிரிதான் தெரிஞ்சுது. 9 வருஷம் கழிச்சு 2021ல அந்த மேப் "ஃப்ளோரிடா வைல்ட்லைஃப் காரிடார்" (வனவிலங்கு வழித்தடம்) சட்டமா ரெண்டு சபையிலயும் ஒரு எதிர் ஓட்டுக்கூட இல்லாம பாஸ் ஆச்சு. சுமார் 1.8 கோடி ஏக்கர், அதுல பாதிக்கு மேல ஏற்கனவே பாதுகாப்புல இருக்கு, மீதி சுமார் 80 லட்சம் ஏக்கர் இனிமே பண்ண வேண்டியது. சட்டம் வந்த வருஷமே 30 கோடி டாலர் கூடுதலா வந்துச்சு, 2023ல காரிடாருக்குன்னே 85 கோடி டாலர். திருத்தம் 1 சாசனத்துல ஏறியும் வாங்கிக் குடுக்க முடியாததை ஒரு மேப் வாங்கிக் குடுத்துச்சு.

சும்மா மேப் மட்டும் இல்ல, பண்ணைக்காரங்க உள்ள வந்ததுதான் விஷயம். நிலத்தை அரசாங்கம் முழுசா வாங்காம, அதுல கட்டடம் கட்டுற உரிமையை மட்டும் காசு குடுத்து வாங்கிடுறாங்க, பாதுகாப்பு ஒப்பந்தம் மாதிரி. மாடு மேய்ப்பு தொடரும், பட்டா பண்ணைக்காரர் பேர்லயே இருக்கும், சொத்து வரியும் அவரே கட்டுவார், பராமரிப்புச் செலவும் அவர் தலையில, அரசுக்கு முழு விலையை விட கம்மி. குடியரசுக் கட்சி சட்டசபைக்கு இதை விட இனிப்பா என்ன சொல்ல முடியும்? விவசாயத் துறைக்குக் கீழ இதுக்குன்னு 2001லேர்ந்தே ஒரு திட்டம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு, அதை எழுப்பினாங்க. குறை என்னன்னா, பொதுமக்கள் உள்ள கால் வைக்க முடியாது, பார்க் கிடையாது, நடைபாதை கிடையாது. நாளாவட்டத்துல தராசு அந்தப் பக்கமே சாய ஆரம்பிச்சுடுச்சு, 2025 பட்ஜெட்ல பண்ணை நிலத் திட்டத்துக்கு 25 கோடி டாலர், ஃப்ளோரிடா ஃபாரெவருக்கு அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை. பொதுப் பார்க் வேணும்னு 2014ல ஓட்டுப் போட்ட நகரத்துக்காரர் இதுல எனக்கு என்னன்னு கேட்டா பதில் சொல்றது கொஞ்சம் கஷ்டம்தான்.

2024ல செமினோல் பழங்குடியோட சூதாட்ட ஒப்பந்தத்துல மாநிலத்துக்கு வர்ற பணத்துலேர்ந்தும் காரிடார், நிலப் பராமரிப்பு, கடல்மட்டப் பாதுகாப்புன்னு ஒவ்வொன்னுக்கும் வருஷம் 10 கோடி டாலர் வரைக்கும் திருப்பினாங்க. சூதாட்டக் காசுல காடு. எனக்கு இதுல புகார் இல்லை, ரியல் எஸ்டேட் படுத்தாலும் சீட்டாட்டம் படுக்காது.

வாங்கினதைக் காப்பாத்துறது

2024 ஆகஸ்ட்ல ஒரு சம்பவம், அதுக்கப்புறம் முன்னுரிமை வரிசையே மாறிப் போச்சு. 9 ஸ்டேட் பார்க்குகள்ல கோல்ஃப் மைதானம், பிக்கிள்பால் கோர்ட், 350 ரூம் ஹோட்டல் எல்லாம் கொண்டு வர மாநில சுற்றுச்சூழல் துறையே ரகசியமா திட்டம் போட்டிருக்குன்னு வெளிய கசிஞ்சுது. கசிய விட்ட ஊழியருக்கு வேலை போச்சு. ஜொனாதன் டிக்கின்சன் பார்க்ல கோல்ஃப்னு கேள்விப்பட்டதும் கட்சி பேதம் இல்லாம ஜனம் ரோட்டுக்கு வந்துட்டாங்க, கவர்னர் டிசாண்டிஸ் சில நாள்லயே பின்வாங்கினார். 2025 மே மாசம் பார்க்குல கோல்ஃப், பெரிய ஹோட்டல் எல்லாம் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு, அதுவும் ஒருமனதா. அதே மே மாசத்துல குவானா வனவிலங்குப் பகுதியில 600 ஏக்கரை ஒரு கம்பெனிக்குக் குடுத்துட்டு அதுக்குப் பதிலா வேற எங்கயோ 3,066 ஏக்கர் துண்டு துண்டா வாங்கிக்கிற மாற்று ஒப்பந்தம் வந்து, எதிர்ப்புல சில நாள்ல வாபஸ் ஆச்சு. கடலோர 600 ஏக்கரையும் உள்நாட்டு 3,000 ஏக்கரையும் ஏக்கர் கணக்குல ஒப்பிடுறது யாரை ஏமாத்தன்னு தெரியலை. இப்ப அங்க அமைப்புகள் வருஷ ஆரம்பத்துல போடுற கோரிக்கைப் பட்டியல்ல, புதுசா வாங்குங்கங்கிறதுக்குப் பக்கத்துலயே வாங்கினதை மாத்துறதா இருந்தா முன்கூட்டியே ஊரறியச் சொல்லுங்கங்கிறதும் வந்துடுச்சு.

மத்த மாநிலங்கள் எழுதின வாசகம்

ஃப்ளோரிடா கதையைப் படிச்சுட்டு மினசோட்டாவைப் பார்த்தா வித்தியாசம் பளிச்னு தெரியும். 2008ல அவங்களும் சாசனத் திருத்தம்தான் கொண்டு வந்தாங்க, ஆனா புது வரி, பொருள் விலைல 0.375 சதவீதம் கூடுதல் விற்பனை வரி, 25 வருஷத்துக்கு. கிடைச்சது 56 சதவீதம்தான். ஆனா வாசகத்துல ஒரு வரி இருக்கு: இந்தப் பணம் வழக்கமா ஒதுக்குற பணத்துக்கு மேல கூடுதலாத்தான் இருக்கணும், அதுக்குப் பதிலா பயன்படுத்தக் கூடாதுன்னு. வாழிடப் பணத்துக்கு 12 பேர் குழு, அதுல 8 பேர் பொதுமக்கள், அவங்க பார்த்து பரிந்துரை பண்ணித்தான் சட்டசபைக்குப் போகும். மிசூரி இன்னும் பழசு, 1976லயே 0.125 சதவீத விற்பனை வரி நேரா பாதுகாப்புத் துறைக்கு. எதிர்ப்பக்கம் அயோவா, 2010ல 63 சதவீதம் ஓட்டுல நிதியை உருவாக்கிட்டாங்க, ஆனா சட்டசபை எப்ப விற்பனை வரியை ஏத்துதோ அப்பதான் பணம் விழும்னு எழுதினதால வருஷக்கணக்கா பெட்டி காலியாவே கிடக்கு.

மினசோட்டா மாதிரி ஃப்ளோரிடால பண்ணியிருக்கலாமேன்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா ஃப்ளோரிடால சாசனம் வழியா புது வரி போடணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், 56ல ஜெயிச்சது அங்க படுதோல்வி. அதனால பழைய வரியைத் தொட்டது சரியான முடிவுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. பதிலாப் பயன்படுத்தக் கூடாதுங்கிற அந்த ஒரு வரியை விட்டதுதான் இடிக்குது. ஒரு திருத்தம் ஒரே விஷயத்தைத்தான் தொடலாம், சீட்டுல சுருக்கம் 75 வார்த்தையைத் தாண்டக் கூடாதுன்னு அங்க விதி கெடுபிடி அதிகம், கூடுதலா ஒரு நிபந்தனை போட்டா கோர்ட்டுல அடிபடுமோங்கிற பயம் இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் கையெழுத்து வாங்க ஆன செலவையும், பின்னாடி கோர்ட்டுல போன 7 வருஷத்தையும் பார்த்தா அந்த ரிஸ்க்கை எடுத்திருக்கலாம்னுதான் எனக்குப் படுது.

திருத்தம் 1க்கு ஆயுசு 20 வருஷம், 2015 ஜூலைல ஆரம்பிச்சது 2035ல முடியும். நீட்டிக்கணும்னா மறுபடி ஓட்டுச் சீட்டுக்குப் போகணும், மறுபடி 60 சதவீதம். 2026 தேர்தலுக்கு ஒரு மனு சீட்டுல ஏறணும்னாலே 8,80,062 கையெழுத்து வேண்டியிருந்துச்சு. அதோட 2025 மே மாசம் கையெழுத்து வாங்குறவங்களுக்கு கடுமையான புதுச் சட்டம் வந்திருக்கு, சொந்தபந்தம் தவிர்த்து 25க்கு மேல படிவம் வாங்குற தன்னார்வலர் கூட பதிவு பண்ணியாகணும், தப்பு வந்தா அபராதம் வேற. சுத்தமான தண்ணிக்கான உரிமைன்னு 2026க்கு கையெழுத்து வாங்கிக்கிட்டு இருந்த இயக்கம் இந்தச் சட்டத்துக்கு அப்புறம் நிறுத்தி வச்சுடுச்சு. இன்னொரு வழி, சட்டசபையே ரெண்டு சபையிலயும் அஞ்சுல மூணு பங்கு ஓட்டோட சீட்டுல ஏத்துறது, அப்படி ஏத்தினா வாசகத்தை எழுதப் போறதும் அவங்கதான். அதனால இப்ப அங்க இருக்கிற ஆளுங்க 2035 வரைக்கும் காத்திருக்காம, காரிடார் மேப்புக்கு கை தூக்கின உறுப்பினர்கள் பதவில இருக்கும்போதே பேச்சை ஆரம்பிச்சாகணும், அந்தப் பேச்சுல முதல் கோரிக்கையா எத்தனை சதவீதம்ங்கிறதை வைக்காம மினசோட்டாவோட அந்த ஒரு வரியை வச்சா நல்லது.